கயிற்றுக்கிடங்குச் சந்தில் குடங்கள் நின்ற வரிசை

கயிற்றுக்கிடங்குச் சந்தில் குழாய்கள் தண்ணீருக்குப் பதிலாக வெறும் காற்றைத் துப்பத் தொடங்கிய முப்பத்தோராவது நாள், சித்திரை மாதத்தின் கடைசிச் செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணிக்குத் தேசம்மா அக்கா தன்னுடைய நீலப் பிளாஸ்டிக் குடத்தை வரிசையின் தலைமாட்டில் வைக்க வந்தபோது, அங்கே ஏற்கனவே ஒரு பித்தளைக் குடம் நின்றுகொண்டிருந்தது.

புளி போட்டுத் தேய்த்த குடம். காலை வெயில் அதன் வயிற்றில் பட்டு எதிர்ச்சுவரில் மஞ்சள் வட்டமாக ஆடியது. தேசம்மா அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள்.

"எவளோடதுடி இது? கல்யாணத்துக்குப் போறவ மாதிரி மினுக்கிக்கினு நிக்குது?"

எங்கள் சந்தில் யாரிடமும் பித்தளைக் குடம் கிடையாது. இருந்தவை எல்லாம் எப்போதோ பழைய பாத்திரக்காரரின் தள்ளுவண்டியில் ஏறிப்போய் பிளாஸ்டிக் குடங்களாகவும் சோப்பு டப்பாக்களாகவும் திரும்பி வந்துவிட்டன. ஆனாலும் யாரும் அதைத் தொடவில்லை, ஏனென்றால் வண்ணாரப்பேட்டைக்கும் ராயபுரத்துக்கும் நடுவில், இரண்டு பேட்டைகளும் எங்களுடையது இல்லை என்று கைகழுவிய இடத்தில் இருக்கும் எங்கள் சந்துக்குச் சட்டம் என்று ஒன்று உண்டென்றால் அது குடத்தின் சட்டம்தான். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. ஆறு மணிக்குக் குடத்தை நிறுத்திவிட்டு நாங்கள் போய்ச் சமைப்போம், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவோம், சண்டை போடுவோம், பதினோரு மணிக்கு லாரி வரும்வரை குடம் எங்களுக்காக வெயிலில் நிற்கும். அடுத்தவர் குடத்தைக் கால் விரலால்கூட நகர்த்தக் கூடாது. முன்பு ஒரு கோடையில் அப்படி நகர்த்தியதால் நிச்சயமான கல்யாணம் ஒன்று நின்றுபோனது. அந்த இரண்டு குடும்பங்களும் இன்றைக்கும் ஒரே சுவரின் இரண்டு பக்கத்தில் பேசாமல் இருக்கின்றன.

அந்தச் சட்டம் ஒரு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதப்பட்டிருந்தது. நோட்டை எழுதுவது நான். வரலாறு எம்.ஏ. படித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். "இவளுக்கு வாய் கெடையாது, கை உண்டு" என்று சொல்லி தேசம்மா அக்காதான் நோட்டை என்னிடம் கொடுத்தாள். முதல் பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான்: சந்தில் பிறந்தவர்கள் முதலில், வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள் அடுத்து, வாடகைக்கு வந்தவர்கள் கடைசியில். முப்பத்து நாலு வீடு, வீட்டுக்கு மூன்று குடம், அதற்கு மேல் கேட்கக் கூடாது. தேசம்மா அக்கா சந்தில் பிறந்து, சந்துக்குள்ளேயே கட்டிக்கொடுக்கப்பட்டவள் என்பதால் இருபத்திரண்டு வருஷமாக அவள் குடம்தான் முதலில் நின்றது. அவளுக்கு முன்னால் எதுவும் நின்றதில்லை.

கடைசியில் நின்றது புஷ்பாஞ்சலியின் ஆரஞ்சுக் குடம். ஒடிசாவிலிருந்து வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. புருஷன் துறைமுகத்தில் கன்டெய்னர் இறக்கும் இடத்தில் வேலை பார்த்தான். துலுக்கானம் அண்ணன் வீட்டின் பின்கட்டில் ஒற்றை அறை. கையில் ஐந்து மாதப் பெண் குழந்தை. லாரித் தண்ணீர் பெரும்பாலும் முப்பதாவது முப்பத்தோராவது வீட்டோடு தீர்ந்துவிடும், அதனால் அவள் துலுக்கானம் அண்ணன் வீட்டுத் தொட்டியிலிருந்து மொண்டுகொண்டிருந்தாள். தொட்டி அடி தட்டியதும் அவர் சொல்லிவிட்டார்.

"இந்தாம்மா, நான் ஒண்ணும் கெட்டவன் இல்ல. ஆனா என் தொட்டில தவளகூட செத்துப்போச்சு. மே முப்பத்தொண்ணுக்குள்ள வரிசைல தண்ணி கிடைக்கிற மாதிரி ஒரு எடம் வாங்கு. இல்லன்னா வேற வூடு பாத்துக்க."

அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. தேதி புரிந்தது. அன்றிலிருந்து தினமும் காலையில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தேசம்மா அக்காவின் வாசலில் வந்து ஒன்றும் கேட்காமல் நிற்பாள். தேசம்மா அக்காவும் தினமும் அதே பதிலைச் சொல்வாள்: "பொறந்த மண்ணுன்னு ஒண்ணு இருக்குதும்மா. அத நான் மாத்த முடியுமா?"

அந்தச் செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு லாரிக்கார எத்திராஜ் வந்து ரப்பர் குழாயை இழுத்தபோது, முதலில் எதில் விடுவது என்று கேட்டான். எல்லோரும் தேசம்மா அக்காவைப் பார்த்தோம். அவள் சட்டத்தையும் குடத்தையும் மாறிமாறி மனதுக்குள் எடைபோட்டு, கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "குடம் நிக்குது இல்ல? ஊத்து" என்றாள்.

எத்திராஜ் ஊற்றினான். பித்தளைக் குடம் விளிம்புவரை நிறைந்தது. அவன் குழாயை நீலக் குடத்துக்குத் திருப்பினான். திரும்பிப் பார்த்தால் பித்தளைக் குடம் இல்லை. தரையில் ஈர வட்டம் ஒன்று இருந்தது, அதிலிருந்து இடுப்பில் குடம் வைத்து நடக்கும் ஒரு பெண்ணின் நடைக்குத் தகுந்த இடைவெளியில், ஒரு பக்கமாகச் சாய்ந்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்த் தடம் போனது. பதினான்கு அடி போய், மொபைல் ரீசார்ஜ் கடையின் பக்கச்சுவரில் முட்டி, அங்கே ஒரு கதவு இருப்பதைப் போல நின்றது.

சுவரோரம் தையல் மெஷினில் பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்த ஜுலேகா அக்கா ஊசியில் நூலைக் கோத்தபடியே சொன்னாள்: "அங்கதான் அவுங்க வூடு இருந்திருக்கும்."

"அதுக்கு? நாளைக்கும் வருவாங்களாமா?" என்றாள் தேசம்மா அக்கா.

மறுநாளும் வந்தது. அதற்கு முன்னால் இன்னும் இரண்டு நின்றன. அப்போதுதான் நான் குனிந்து பார்த்தேன். பித்தளைக் குடத்தின் கழுத்துக்குக் கீழே, வீட்டில் புதுப் பாத்திரம் வாங்கினால் வெட்டுவதைப் போலவே, உளிப் புள்ளிகளால் பெயர் வெட்டியிருந்தது: வே. மங்களநாயகி, நெல்லூர், 4-6-31. அடுத்தது செம்புத் தவலை, தெலுங்கு எழுத்து. அதற்கும் முன்னால் நின்ற அகலவாய் அண்டாவின் உருது எழுத்தை ஜுலேகா அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தாள்: "பீபி ஜான், ஆற்காடு. வருஷம் தேஞ்சுபோச்சு."

பிறகு அவை நாளுக்கு நாள் வந்தன, பழையதற்கு முன்னால் இன்னும் பழையது என்று வந்தன. ரங்கூனிலிருந்து கடல்வழி வந்தவர்களின் வட்ட வட்ட எழுத்துப் போட்ட ஈயம் பூசிய குடம் வந்தது, ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று நகரமே காலியான வருஷத்தில் போக இடமில்லாமல் சந்திலேயே தங்கியவர்களின் மரக்கைப்பிடி போட்ட மண்ணெண்ணெய்த் தகரம் வந்தது, கடப்பாவிலிருந்து தறியோடு வந்தவர்களின் செம்பு வந்தது, தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சித்தொட்டியைத் தேடி நடந்து வந்தவர்களின், பெயரில்லாத, குயவர் கட்டைவிரல் மட்டும் பதிந்த மண்பானை வந்தது, கம்பெனிக்காரன் காலத்தில் கோட்டைக்குத் தண்ணீர் சுமந்தவர்களின் தோல்பை கூட ஒரு நாள் வந்து, நிற்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டது. ஒவ்வொன்றும் நிறைந்ததும் மறைந்தது. ஒவ்வொன்றின் சொட்டுத் தடமும் இப்போது வாசலே இல்லாத ஏதோ ஒரு வாசலில் போய் நின்றது. ஒன்று ஏ.டி.எம். கண்ணாடிக்கதவில் முட்டியது. ஒன்று ரேஷன் கடைக்குள் புகுந்து துவரம்பருப்பு மூட்டைக்கு அடியில் முடிந்தது. நோட்டின் பின்பக்கங்களில் நான் அந்தத் தடங்களை வரைந்துவைத்தேன். வரைய வரைய எங்கள் சந்துக்குக் கீழே இன்னொரு சந்து தெரிந்தது, அது எங்களுடையதைவிட அகலமாக, கிழக்குப் பக்கம் முழுக்கத் தறிகளோடு, நடுவில் ஒரு கிணற்றோடு இருந்தது. கயிற்றுக்கிடங்கு எங்கே இருந்தது என்று மட்டும் கடைசிவரை தெரியவில்லை.

சந்து பயப்படவில்லை. பயப்பட நேரமில்லை, தண்ணீர் பிடிக்க வேண்டியிருந்தது. முதல் வாரத்திலேயே ஆட்டோக்காரர்கள் இல்லாத வாசல்களுக்கு முன்னால் வண்டி நிறுத்துவதை விட்டுவிட்டார்கள். பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும்போது, பந்து மங்களநாயகி வீட்டுக்குள் போனால் அவுட் இல்லை என்று விதி செய்துகொண்டார்கள். யாரோ மண்பானைக்குப் பொட்டு வைத்து ஊதுவத்தி ஏற்றினார்கள். தேசம்மா அக்கா அதைப் பிடுங்கிச் சாக்கடையில் போட்டாள்.

"சாமியா அது? தண்ணிக்கு வந்துகீறாங்க. ஊதுவத்தி கொளுத்தினா தாகம் அடங்கிடுமா?"

ஆனால் லாரித் தண்ணீர் வழக்கமான அளவுதான். முன்னால் குடம் கூடக் கூட பின்னால் குறைந்தது. பித்தளைக் குடம் வந்த ஒன்பதாவது நாள் துலுக்கானம் அண்ணன் துண்டை உதறிக்கொண்டு சண்டைக்கு வந்தார்.

"இன்னா நியாயம் இது? உயிரோட கீறவன் குளிச்சு மூணு நாளாவுது. செத்துப்போனவங்களுக்கு எதுக்குய்யா தண்ணி?"

"உனுக்குத் தண்ணி எதுக்கு? குளிச்சா மட்டும் மணக்கப் போறியா?" என்றாள் ஜுலேகா அக்கா. சந்து சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். அப்புறம் சண்டை நடக்கவில்லை. அன்று மாலை எல்லோரும் கூடிப் பேசி, வீட்டுக்கு ஒரு குடத்தை விட்டுக்கொடுப்பது, மூன்றுக்குப் பதில் இரண்டு போதும், வந்தவர்கள் விருந்தாளிகள் என்று முடிவானது. எனக்கு அன்று எங்கள் ஜனங்களை நினைத்துப் பெருமையாக இருந்தது. ஆனால் வரிசையின் வால் பக்கம் என்ன ஆகிறது என்று அந்தக் கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. கணக்குப் பார்த்தால் விட்டுக்கொடுத்ததெல்லாம் முன்னால் நின்றவர்களுக்கே போனது. புஷ்பாஞ்சலிக்கு முன்பு மூன்று நாளைக்கு ஒருமுறை ஒரு குடம் கிடைத்துக்கொண்டிருந்தது, இப்போது ஐந்து நாளைக்கு ஒருமுறை ஆனது. அவள் குழந்தைத் துணிகளை எடுத்துக்கொண்டு ரயில்வே பாலத்தைத் தாண்டி யார் யார் வீட்டிலோ கெஞ்சி அலசிக்கொண்டு வந்தாள்.

தேசம்மா அக்காவுக்கு அந்த நாட்களில் நடையே மாறிவிட்டது. "பாத்தியா, எத்தினி தலமொறச் சந்து இது! பஞ்சம் பாத்த சந்து, பாம் பாத்த சந்து. வந்தவன் போனவனெல்லாம் குந்துறதுக்கு இது இன்னா பஸ் ஸ்டாண்டா?" என்று எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். நான் நோட்டில் எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்ப்பேன். நெல்லூர், ஆற்காடு, ரங்கூன், கடப்பா. வெட்டியிருந்த ஊர்களில் ஒன்றுகூட இந்த ஊர் இல்லை. அதைச் சொல்ல வேண்டும் என்று இரண்டு முறை அவள் வாசல்வரை போனேன். இரண்டு முறையும் பால் பாக்கெட் வாங்கப் போவது போலத் திரும்பிவிட்டேன்.

நான் செய்த தப்பு அது மட்டும் இல்லை.

மூன்றாவது நாளிலிருந்தே புஷ்பாஞ்சலியின் ஆரஞ்சுக் குடத்துக்குப் பின்னால் இன்னொரு குடம் நின்றுகொண்டிருந்தது. கரி பிடித்து, இரண்டு இடத்தில் நெளிந்து, கழுத்தில் கயிறு சுற்றியது. பழைய குடங்கள் முன்னால்தான் வரும் என்று நாங்களே முடிவுகட்டியிருந்ததால் அதை யாரும் விருந்தாளியாக எண்ணவில்லை. ஒடியாக்காரப் பெண் தந்திரமாக இரண்டாவது குடம் வைக்கிறாள் என்று நினைத்தோம்.

"ஒண்ணுக்கே வழியக் காணோம், இவ ரெண்டு வெக்கிறா பாரு" என்று தேசம்மா அக்கா ஒரு நாள் சத்தம் போட்டாள்.

"எனக்கு இல்ல அக்கா" என்றாள் புஷ்பாஞ்சலி.

"ஒனக்கு இல்லன்னா பின்ன எனக்கா?"

யாரும் நம்பவில்லை. நானும் குனிந்து பார்க்காமல் அவள் பெயருக்கு நேராக நோட்டில் இரண்டு என்று எழுதினேன். லாரி போன பிறகு அந்தக் குடம் அங்கே இருக்காது. அவள் எடுத்துக்கொண்டு போயிருப்பாள் என்று விட்டுவிட்டோம்.

இருபதாவது நாள், மே இருபத்தொன்பது, லாரியில் எப்படியோ கொஞ்சம் மிஞ்சியது. எத்திராஜ் குழாயைத் தூக்கி உதறி, கடைசிச் சொட்டுவரை ஆரஞ்சுக் குடத்தில் வடித்தான். முழுக் குடம். ஆறு நாளுக்கு அப்புறம் கிடைத்த முதல் குடம். புஷ்பாஞ்சலி குழந்தையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு குடத்தை எடுத்தாள். இரண்டு எட்டு வைத்தவள் திரும்பி வந்தாள். கரிக்குடத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்து, தன் குடத்தைச் சாய்த்து, பாதித் தண்ணீரை அதில் ஊற்றினாள்.

நான் நோட்டும் கையுமாகப் பக்கத்தில் நின்றிருந்தேன். "ஏன்?" என்று மட்டும் கேட்டேன்.

அவளிடம் அதிகம் தமிழ் இல்லை. இருந்ததை வைத்துச் சொன்னாள்: "பின்னாடி ஆளு இருக்கு."

கரிக்குடம் மறையவில்லை. அது பாதிதான் நிறைந்திருந்தது, நிறையாமல் எதுவும் எங்கள் கண்முன்னால் மறைந்ததில்லை. தேசம்மா அக்கா அந்தப் பக்கத்திலிருந்து இதைப் பார்த்துவிட்டாள்.

"பாத்தியாடி, அவளுதுதான்னு நான் சொல்லல? இந்தக் குடத்துலேந்து அந்தக் குடத்துக்கு ஊத்தி வெளாடுறா. நீ இன்னா எழுதிக்கினுகீற? மரம் மாதிரி நிக்கிற!" என்று என்னைத் திட்டிக்கொண்டே வந்தவள், வழிந்த தண்ணீர் கரியைக் கழுவிக்கொண்டு இறங்கிய இடத்தைப் பார்த்துச் சட்டென்று நின்றாள்.

தேசம்மா அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒரே ஒரு சொல் மட்டும் எங்கே பார்த்தாலும் தெரியும். அவள் கல்யாணத்துக்கு அவள் அம்மா வாங்கிய சீர்ப் பாத்திரங்கள் எல்லாவற்றிலும் அந்தச் சொல் வெட்டியிருந்தது. விசேஷ வீடுகளுக்கு இரவல் போன அண்டாவும் கரண்டியும் நூறு பாத்திரங்களோடு கலந்து கிடக்கும்போது அந்தப் புள்ளிகளின் உருவத்தை விரலால் தடவித்தான் தன்னுடையதைப் பொறுக்கி எடுப்பாள். இப்போதும் மண்டியிட்டுத் தடவினாள். ஒரு முறை, அப்புறம் மெதுவாக இன்னொரு முறை.

"இன்னா போட்டிருக்குது படி" என்றாள் என்னிடம்.

நான் படித்தேன். "தேசம்மா. பழவேற்காடு."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லக்கா. தேதி இல்ல."

"எங்க வம்சத்துல இந்தப் பேரு எனக்கு முன்னால ஒருத்திக்குத்தான்" என்றாள். குரல் அவளுடையது மாதிரி இல்லை. "அவ இந்தச் சந்துல பொறந்தவன்னு சொல்லித்தான் எங்கப்பா எனக்கு வெச்சாரு." பிறகு புஷ்பாஞ்சலியை அண்ணாந்து பார்த்தாள். "எத்தினி நாளா நிக்குது இது?"

புஷ்பாஞ்சலிக்கு எண்ணிக்கைக்குத் தமிழ் வரவில்லை. நான்தான் சொன்னேன். "பதினெட்டு நாளுக்கா. நான் தப்பா எழுதிட்டேன்."

அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. எழுந்து வீட்டுக்குள் போனாள், அன்றைக்குச் சந்தின் முதல் ஆளாகப் பிடித்து வாய்க்குத் துணி கட்டி வைத்திருந்த நீலக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள், ஒரு சொட்டும் சிந்தாமல் கரிக்குடத்தில் ஊற்றினாள். அது நிறைந்தது. நாங்கள் கண் சிமிட்டியிருப்போம். ஈர வட்டம் மட்டும் இருந்தது.

தடம் தொடங்கியது. மற்றத் தடங்களைப் போல இது பக்கத்துச் சுவரில் முட்டவில்லை. வரிசையின் வாலிலிருந்து புறப்பட்டு, ரேஷன் கடையைத் தாண்டி, சந்தின் முனையைத் தாண்டி, வெளியே போனது. தேசம்மா அக்கா செருப்பில்லாமல் பின்னாலேயே நடந்தாள். பன்னிரண்டு மணி வெயிலில் தார் கொதித்தது. அவள் பின்னால் நான், என் பின்னால் குழந்தையோடு புஷ்பாஞ்சலி, ஜுலேகா அக்கா, துலுக்கானம் அண்ணன், இன்னும் பத்துப் பதினைந்து பேர், வேலை விட்டு வந்தவர்களும் வேடிக்கைக்கு வந்தவர்களுமாக நடந்தோம். சொட்டுகள் மெயின் ரோட்டைக் கடந்தன. ஒரு பஸ் ஹாரன் அடித்துவிட்டு, பிறகு என்னவோ நினைத்து நின்று, நாங்கள் போகும்வரை காத்திருந்தது. சொட்டுகள் ரயில்வே பாலத்துக்கு அடியில் போயின, சுவரொட்டிகளை உரசிக்கொண்டு போயின, சில இடங்களில் கொஞ்சம் பெரிய வட்டங்களாக இருந்தன. அங்கெல்லாம் அந்தப் பழைய தேசம்மா குடத்தை இறக்கிவைத்து இடுப்பை மாற்றியிருக்கிறாள். கால்வாய்க் கரையில், குப்பையும் நொச்சிப் புதரும் மட்டும் இருந்த ஒரு மேட்டில் கடைசிச் சொட்டு இருந்தது. அங்கே வீடு இருந்ததற்கு அடையாளமாக ஒரு செங்கல்கூட இல்லை.

"சந்துலயே இல்ல இவ" என்றாள் தேசம்மா அக்கா. "இங்கேந்து வந்து நின்னுருக்கா. தினம் வந்து கடைசில நின்னுட்டு, வெறுங்குடத்தோட இங்கேயே திரும்பியிருக்கா."

கால்வாயில் ஒரு பிளாஸ்டிக் செருப்பு மெதுவாகச் சுற்றிக்கொண்டு போனது. ஜுலேகா அக்கா தன் செருப்பைக் கழற்றி தேசம்மா அக்காவின் கால் பக்கம் தள்ளினாள். அவள் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை அவள் எத்திராஜுக்குப் போன் போட்டு, லாரியைச் சந்தின் மறுமுனை வழியாகக் கொண்டுவரச் சொன்னாள்.

"யக்கா, அந்தப் பக்கம் டிரான்ஸ்பார்மர் கீது. ரிவர்ஸ்லதான் வரணும். கண்ணாடி போயிடும்!"

"கண்ணாடி போனா நான் கட்டித் தரேன். நீ வா. நான் கை காட்டுறேன்."

பதினோரு மணிக்கு லாரி பின்பக்கமாக, முனகிக்கொண்டு, அங்குலம் அங்குலமாக உள்ளே வந்தது. தேசம்மா அக்கா நடுத்தெருவில் நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். "வா வா வா, ரைட்ல ஒடி, ஒடிடா, கல்யாண மாப்பிள மாதிரி வெக்கப்படாத, வா, நிறுத்து!" முந்தினநாள்வரை வரிசையின் வாலாக இருந்தது இப்போது தலையாக இருந்தது. அங்கே புஷ்பாஞ்சலியின் ஆரஞ்சுக் குடத்துக்கு முன்னால், கரி போய்ப் பாதி வெளுத்த அந்தப் பழவேற்காட்டுக் குடம் வந்து நின்றுகொண்டிருந்தது. எத்திராஜ் முதலில் அதிலும், பிறகு ஆரஞ்சுக் குடத்திலும் ஊற்றினான். துலுக்கானம் அண்ணன் இதையெல்லாம் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "சரி சரி, தண்ணிதான் வந்திடுச்சே. இருந்துட்டுப் போவட்டும். அந்தக் கொழந்த அழுதா எனக்கும் பகல்ல தூக்கம் வராம ஒரு வேல இருக்கும்" என்று யாரிடமும் இல்லாமல் சொன்னார்.

அன்று தண்ணீர் மறுமுனைவரை எட்டவில்லை. தோல்பைக்கும் மண்பானைக்கும் மங்களநாயகிக்கும் கிடைக்கவில்லை. விருந்தாளிகள் கோபித்துக்கொள்வார்களோ என்று சந்து கொஞ்சம் பயந்தது. ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நாள் லாரி பழைய பக்கத்திலிருந்து வந்தது, அவர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒருநாள் இந்தப் பக்கம், ஒருநாள் அந்தப் பக்கம் என்று ஆனது. எந்தப் பக்கம் தீர்ந்துபோகிறதோ அவர்களுக்கு மறுநாள் முதலில். நோட்டின் முதல் பக்கத்தைக் கிழிக்கச் சொன்னாள் தேசம்மா அக்கா. புதிதாக என்ன எழுத என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "ஒண்ணும் எழுதாத. நிக்கிறவங்க பேர எழுது" என்றாள்.

இப்போது அதற்கு இரண்டு வாரம் ஆகிறது. குழாய்களில் இன்னும் காற்றுதான் வருகிறது. போன வியாழக்கிழமை மறுமுனை நாள். இருபத்திரண்டு வருஷப் பழக்கம் கையைவிட்டுப் பத்து நாளில் போய்விடுமா? தேசம்மா அக்கா ஏதோ நினைப்பில், வாயில் வெற்றிலையோடு, நேராக வந்து தன் நீலக் குடத்தை ஆரஞ்சுக் குடத்துக்கு முன்னால் டொக்கென்று வைத்தாள்.

"யக்கா!"

குரல் சந்து முழுக்கக் கேட்டது. புஷ்பாஞ்சலியின் குரல் அவ்வளவு பெரியது என்று அதுவரை எங்களுக்குத் தெரியாது. குழந்தை விழித்துக்கொண்டது. ஜுலேகா அக்காவின் மெஷின் நின்றது.

"இன்னா, கண்ணு தெரில? லைன் இங்கேந்து போவுது. பின்னாடி போ."

தேசம்மா அக்கா வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினாள். "யாரப் பாத்து இன்னா பேசுற நீ? நான் யாரு தெரியுமா?"

"தெரியும். நீ இன்னிக்கு முப்பத்தி நாலு. நோட்டுல கீது."

எங்கள் சந்தில் யாரும் தேசம்மா அக்காவிடம் அப்படிப் பேசியதில்லை, அவள் புருஷன்கூட. அவள் என் பக்கம் திரும்பினாள். நான் நோட்டைப் பார்த்தேன். என் காது சூடானது.

"ஆமாக்கா. முப்பத்து நாலு" என்றேன். வாய்விட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி.

"ஐயே, இதுகூடப் பேசுது!" என்றாள் தேசம்மா அக்கா. அப்புறம் குனிந்து நீலக் குடத்தை எடுத்தாள். "வாயப் பாரு, வாய. வந்து ஒம்போது மாசம் ஆவல, அதுக்குள்ள ரூல்ஸ் பேசுறா. பேசட்டும், பேசட்டும். எம்மாம் பெரிய வாயி!" என்று வழிநெடுக ஒவ்வொரு வாசலிலும் நின்று நின்று முறையிட்டுக்கொண்டே, முகத்தில் அடக்க முடியாத ஒரு பெருமையோடு, எழுபது எழுபத்தைந்து குடங்களைத் தாண்டி நடந்து, கடைசியில், மங்களநாயகியின் குடத்துக்கும் பின்னால் கொண்டுபோய் வைத்தாள். எங்கள் சந்து வளைவில்லாதது, அங்கிருந்து பார்த்தால் இந்த முனைவரை தெரியும்.

லாரி வந்தது. எத்திராஜ் குழாயை ஆரஞ்சுக் குடத்தில் விட்டான். அந்த முனையிலிருந்து தேசம்மா அக்கா கத்தினாள்:

"ஏ ஒடியாக்காரி! சீக்கிரம் புடி, அடுப்புல கொழம்பு கீது எனக்கு!"

புஷ்பாஞ்சலி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. குடத்தின் வாயில் ஒரு கண் வைத்தபடியே திரும்பக் கத்தினாள்:

"கத்தாத! வரும்!"